கூரைகள் திருப்பியனுப்பும் வெயில்

நுழையும்முன்

ஒரே தெருவில், ஒரே வெயிலில், ஒரு வீட்டுக்குள் தறியில் அமர முடிகிறது. அடுத்த வீட்டுக்குள் முடிவதில்லை. இந்த வேறுபாட்டின் ஒரு பகுதி கூரையின் மேற்பரப்பிலேயே தொடங்கிவிடுகிறது. எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் அம்மேற்பரப்பை எவ்வாறு அளக்கிறது, அந்த அளவீட்டை எதுவரை நம்பலாம் என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஆரணி, பட்டு நெசவாலும் அரிசி ஆலைகளாலும் பெயர்பெற்ற ஊர். அதனை அடுத்துள்ள முள்ளிப்பட்டும் பட்டுத்தறியின் ஒலி கேட்கும் ஊரே. நெசவாளர் குடும்பங்களில் வீடு வேறு, தொழிற்கூடம் வேறு அன்று. பாவை நீள விரித்துச் சீர்செய்யும் வேலையை வெயில் ஏறுமுன் தெருவில் முடித்துவிட்டு, எஞ்சிய பகல் முழுவதையும் தறியின்முன் கழிப்பது அவர்கள் வழக்கம். வயலில் வேலை செய்பவருக்கு உச்சிப்பொழுதில் ஒதுங்க ஒரு மரநிழல் உண்டு. தறியில் அமர்ந்திருப்பவருக்கோ தலைக்குமேல் இருக்கும் கூரையே நிழல். அதுவே அடுப்பாகவும் ஆகிவிடலாம். காற்று மிகவும் வறண்டால் பட்டிழை அறுபடும். அறுந்த இழையை முடிந்து மீண்டும் தொடங்கும்போது கைக்கு வரவேண்டிய கூலியும் தள்ளிப்போகும். ஆகவே கூரையின் சூடு என்பது இங்கு வசதிக்குறைவு மட்டுமன்று. தொழிலோடும் வருவாயோடும் இணைந்தது.

இத்தகைய தெருவொன்றின் கூரைகளை மேலிருந்து நோக்குவதாகக் கொள்வோம். சிவந்த நாட்டு ஓடுகள், கருத்துப்போன கற்காரைத் தளங்கள், சாம்பல் நிறக் கல்நார் அட்டைகள், பளபளக்கும் துத்தநாகத் தகடுகள், இடையே ஒரு வேப்பமரம், தெருவில் தார் என எல்லாமே ஒரே கதிரவனின் ஒளியைத்தான் பெறுகின்றன. ஆனால் அவற்றுள் ஒவ்வொன்றும் வேறுவேறு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பியனுப்புகிறது.

வெண்மைக்கு ஓர் எண்

ஒரு பரப்பின்மீது விழும் கதிரவ ஆற்றலில் எந்தப் பங்கை அப்பரப்பு எதிரொளிக்கிறது என்பதைக் குறிக்கும் எண் ஆல்பிடோ எனப்படும். வெண்மை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் இது. 1760-இல் வெளிவந்த தம் ஒளியளவையியல் நூலில் ஜொகான் ஹைன்ரிக் லாம்பர்ட் என்னும் அறிஞர் இதனை அறிவியல் வழக்கிற்குக் கொண்டுவந்தார். ஒளி முழுவதையும் விழுங்கும் பரப்பின் ஆல்பிடோ 0; முழுவதையும் திருப்பியனுப்பும் பரப்பின் ஆல்பிடோ 1. நடைமுறையில் எல்லாப் பரப்புகளும் இவ்விரண்டுக்கும் இடையில் அமையும். புதிதாகப் பெய்த பனி 0.8-க்கு மேல் எதிரொளிக்கும். புதிய தார்ச்சாலை 0.05 முதல் 0.10 வரை எதிரொளிக்கும். தார் பழையதாகிக் கல் வெளித்தெரியும்போது அது சற்று வெளுக்கும். கற்காரை பழையதாகிப் பாசியும் புழுதியும் படியும்போது கருக்கும். புவி முழுமைக்குமான சராசரி ஏறத்தாழ 0.30.

இந்தப் பின்னங்கள் சிறியனவாகத் தோன்றலாம். வளிமண்டலத்திற்கு வெளியே கதிரவனை நேராக நோக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 1361 வாட் ஆற்றல் விழுகிறது. தெளிவான நண்பகலில் அதில் ஏறத்தாழ 1000 வாட் தரையை வந்தடைகிறது. நூறு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு தளத்தின் ஆல்பிடோ 0.2 எனில், அது 80 கிலோவாட் ஆற்றலை ஏற்றுக்கொள்ளும். சுண்ணாம்பு பூசி 0.7 ஆக்கினால் ஏற்பது 30 கிலோவாட். இடைப்பட்ட வேறுபாடு 50 கிலோவாட்; ஒரு கிலோவாட் இஸ்திரிப்பெட்டிகள் ஐம்பதை மாடியில் ஒருசேர எரியவிட்டதற்கு ஈடானது. ஏற்ற ஆற்றல் முழுவதும் வீட்டுக்குள் இறங்குவதில்லை. ஒரு பகுதி காற்றுக்கும் வானுக்கும் திரும்பும். எனினும் உள்ளே இறங்கும் பங்கு மாலைவரை, சில வீடுகளில் நள்ளிரவுவரை, தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும்.

முள்ளிப்பட்டு ஏறத்தாழ 12.7 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஆதலால் ஏப்ரல் நான்காம் வாரத்தில் நண்பகல் சூரியன் இங்கே தலைக்கு நேர்மேலே நிற்கிறது. ஆயினும் கத்திரி வெயில் என்று நாம் அஞ்சுவது மே மாதத்தில். தரையும் சுவரும் கூரையும் வெப்பத்தைச் சேமித்துச் சேமித்து வெளியிடுவது இந்தத் தாமதத்திற்குரிய காரணங்களுள் ஒன்று. கத்திரியில் பிற்பகல் வகுப்பு நடத்திய ஆசிரியர் எவருக்கும் இதனை விளக்கிக் கூறத் தேவையில்லை.

கண் காணாத பாதி

எந்தக் கூரை அதிகமாக எதிரொளிக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாமே, இதற்குச் செயற்கைக்கோள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கண் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. தரையை அடையும் கதிரவ ஆற்றலில் கண்ணுக்குப் புலனாகும் ஒளி பாதிக்கும் குறைவு. பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. சிறு பங்கு புறஊதாக் கதிர்கள். ஒரு பரப்பு கட்புலனாகும் ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டு அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்பியனுப்பலாம். அப்பரப்பு நம் கண்ணுக்குக் கருமையாகத் தெரிந்தாலும் உண்மையில் அது அவ்வளவு கருமையானதன்று.

வேப்பிலை இதற்கு எளிய சான்று. கண்ணுக்கு அது கரும்பச்சை. ஆனால் பச்சை இலைகள் தம்மீது விழும் அண்மை அகச்சிவப்பில் ஏறத்தாழப் பாதியை எதிரொளித்துவிடுகின்றன. அகச்சிவப்பில் பார்க்கும் கருவிக்கு மரம் ஒளிர்ந்து தெரியும். சுட்ட மண் ஓடும் அவ்வாறே. நீல ஒளியைப் பெரிதும் விழுங்கி, சிவப்பில் சற்று எதிரொளித்து, அகச்சிவப்பில் இன்னும் கூடுதலாக எதிரொளிக்கும். ஒரே நிறமாகத் தோன்றும் இரண்டு வண்ணப்பூச்சுகளில் ஒன்று வெயிலில் சுடுவதற்கும் மற்றொன்று அவ்வளவாகச் சுடாமலிருப்பதற்கும் அவற்றிலுள்ள நிறமிகள் அகச்சிவப்பில் வேறுபட்டு நடப்பதே காரணம்.

ஆகவே ஆல்பிடோவை அளக்க வேண்டுமாயின், கண் காணும் பாதியோடு காணாத பாதியையும் சேர்த்து அளக்கும் கருவி வேண்டும். நிலத்தைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்கள் அத்தகைய கருவிகளைச் சுமந்து செல்கின்றன.

வானில் ஒரு கட்டத்தாள்

அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 சூலையில் ஏவப்பட்டது. இப்போது அவ்வரிசையில் 2013-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8, 2021-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 9 ஆகியன 705 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 16 நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்திற்குமேல் வரும். இரண்டையும் சேர்த்தால் எட்டு நாள்களுக்கு ஒரு படம் கிடைக்கும். உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை பத்து மணியளவில் கடக்குமாறு இவற்றின் பாதை அமைக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய நாடுகளின் சென்டினல் 2 வரிசை 2015 முதல் செயல்படுகிறது. இந்தியா தன் முதல் செயல்பாட்டுநிலைத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ-வை 1988 மார்ச்சில் விண்ணில் செலுத்தியது. அதன் வழிவந்த ரிசோர்ஸ்சாட் 2, ரிசோர்ஸ்சாட் 2ஏ ஆகியன முறையே 2011-இலும் 2016-இலும் ஏவப்பட்டன. இவை அனுப்பும் தரவுகளை ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் பெற்றுத் தொகுக்கிறது.

செயற்கைக்கோள் எடுப்பதை ஒளிப்படம் என்று கூறுவது ஓரளவே பொருந்தும். சேலையில் அன்னமோ மாங்காயோ நெய்வதற்குமுன் அவ்வுருவைக் கட்டத்தாளில் வரைந்துகொள்வதை நெசவூரில் வளர்ந்தவர்கள் பார்த்திருக்கக்கூடும். ஒவ்வொரு சிறு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். அவ்விடத்தில் எந்த இழை மேலே வரவேண்டும் என்பதை அக்கட்டம் சொல்லும். செயற்கைக்கோள் படமும் அத்தகைய கட்டத்தாளே. ஒவ்வொரு கட்டமும் பிக்சல் எனப்படும் படப்புள்ளி. அதற்குள் இருப்பது ஓர் எண். நீல அலைப்பட்டைக்கு ஒரு தாள், சிவப்புக்கு ஒன்று, அண்மை அகச்சிவப்புக்கு ஒன்று, குற்றலை அகச்சிவப்புக்கு இரண்டு எனத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். லேண்ட்சாட்டின் இத்தகைய தாள்களில் ஒரு கட்டம் தரையில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட நிலத்தைக் குறிக்கிறது.

கட்டத்திலுள்ள எண் நேரடியாக எதிரொளிப்பைக் குறிப்பதன்று. அது கருவி தன் கணக்கில் பதிந்த குறியீட்டெண். லேண்ட்சாட் 8-இல் அந்த எண்ணை 0.00002-ஆல் பெருக்கி, 0.1-ஐக் கழித்து, கிடைத்ததைச் சூரிய ஏற்றக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. பதிவான எண் 12,000. சூரியன் தொடுவானிலிருந்து 60 பாகை உயரத்தில் இருந்தது எனக் கொள்வோம். 12,000 × 0.00002 = 0.24. அதில் 0.1 போக 0.14. அறுபது பாகையின் சைன் 0.866. வகுத்தால் 0.16. அந்த அலைப்பட்டையில் விழுந்த ஒளியில் நூற்றுக்குப் பதினாறு பங்கு மேலே திரும்பி வந்தது என்பது இதன் பொருள். சைன் மதிப்பால் வகுப்பதன் நோக்கம் எளியது. சாய்ந்து விழும் வெயில் பரவலாக விழுவதால் தரைக்கு வரும் ஆற்றலே குறைவு; அந்தக் குறையைக் கூரையின் குற்றமாக எண்ணிவிடக் கூடாது.

இன்னும் ஒரு தடை எஞ்சுகிறது. ஒளி தரைக்கு வரும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையுமாக இருமுறை வளிமண்டலத்தைக் கடக்கிறது. காற்றின் மூலக்கூறுகளும் தூசும் புகையும் அதனைச் சிதறடிக்கின்றன. நீல ஒளி மிகுதியாகச் சிதறும். அதனால்தான் வானம் நீலமாக இருக்கிறது. தரையைத் தொடாமலே வழியில் சிதறி மேலே வந்த ஒளியும் கருவிக்குள் புகுந்துவிடுகிறது. இதனைக் கழிக்கப் பல முறைகள் உள்ளன. எல்லாவற்றிலும் எளிய முறை, அந்தப் படத்திலேயே மிகக் கருமையாக இருக்கவேண்டிய ஓரிடத்தைத் தேடுவது. ஆழமான தெளிந்த ஏரிநீர் அகச்சிவப்பை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். அங்கும் எண் பூச்சியத்திற்கு மேல் இருந்தால், அந்த மிகுதி வளிமண்டலத்தால் வந்தது என்று கொண்டு படம் முழுவதிலும் கழித்துவிடலாம். கோடையில் ஏரிகள் வற்றிக் கலங்கிக் கிடக்கும் நம் மாவட்டத்தில் இம்முறைக்கு உகந்த நீர்நிலை கிடைப்பது எளிதன்று. ஆய்வாளர்கள் இன்று பெரும்பாலும் தூசு, நீராவி ஆகியவற்றின் அளவுகளைக் கொண்டு கணினி வழியே செய்யப்படும் திருத்தத்தையே பயன்படுத்துகின்றனர்.

இழைகளைச் சேர்த்தல்

திருத்தம் முடிந்தபின் ஒவ்வோர் அலைப்பட்டைக்கும் ஒரு பின்னம் கிடைத்துவிடும். ஆனால் நமக்கு வேண்டியது ஒரே எண். கருவி அளந்தவையோ நிறமாலையின் சில குறுகிய பகுதிகளை மட்டுமே. இடையில் விடுபட்ட பகுதிகளை எவ்வாறு கணக்கில் கொள்வது? 2001-இல் ஷுன்லின் லியாங் என்னும் அறிவியலாளர் பலவகை நிலப்பரப்புகளையும் வளிமண்டல நிலைகளையும் கணினியில் உருவகப்படுத்தி, இதற்கொரு வாய்பாட்டைத் தந்தார். லேண்ட்சாட்டிற்குரிய அவ்வாய்பாட்டின்படி நீலத்தை 0.356-ஆலும், சிவப்பை 0.130-ஆலும், அண்மை அகச்சிவப்பை 0.373-ஆலும், குற்றலை அகச்சிவப்பு இரண்டையும் முறையே 0.085, 0.072 ஆகியவற்றாலும் பெருக்கிக் கூட்டி, 0.0018-ஐக் கழிக்க வேண்டும்.

ஓட்டுக்கூரை ஒன்றுக்கு நீலத்தில் 0.08, சிவப்பில் 0.22, அண்மை அகச்சிவப்பில் 0.32, குற்றலை அகச்சிவப்பில் 0.36, 0.32 என்று கிடைத்ததாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஆல்பிடோ 0.228 என வரும். அதில் ஏறத்தாழ 0.12, அதாவது பாதிக்கு மேற்பட்ட பங்கு, அண்மை அகச்சிவப்பு என்னும் ஒரே தாளிலிருந்து வந்திருப்பதை நோக்குக. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பங்கைத் தவறவிட்டிருப்போம்.

முப்பது மீட்டருக்குள் ஒரு தெரு

முள்ளிப்பட்டைப் பொறுத்தவரை உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நெசவாளர் தெருவில் ஒரு வீட்டின் முகப்பு சில மீட்டர்களே. லேண்ட்சாட்டின் ஒரு படப்புள்ளி 900 சதுர மீட்டர். அதற்குள் எதிரெதிர் வரிசை வீடுகளும் நடுவே தெருவும் கொல்லைப்புறமும் மரமும் அடங்கிவிடும். செயற்கைக்கோள் இவற்றைத் தனித்தனியே காண்பதில்லை; எல்லாவற்றையும் கலந்து ஓர் எண்ணாகத் தருகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு படப்புள்ளிக்குள் 0.25 ஆல்பிடோ உடைய பழைய கூரைகள் 600 சதுர மீட்டர், 0.10 உடைய தார்த்தெரு 200 சதுர மீட்டர், 0.20 உடைய மண்ணும் மரமும் 100 சதுர மீட்டர் உள்ளன எனக் கொள்க. சராசரி 0.21. அவற்றுள் 100 சதுர மீட்டர் கூரைக்குச் சுண்ணாம்பு பூசி 0.70 ஆக்கியபின் மீண்டும் கணக்கிட்டால் சராசரி 0.26. அந்த வீட்டாருக்குக் கூரை அடியோடு மாறிவிட்டது, செயற்கைக்கோளுக்கோ 0.05 மட்டுமே மாறியிருக்கிறது. இத்தகைய அளவீடுகளில் 0.02 முதல் 0.05 வரை பிழை நேர்வது இயல்பு. ஆகவே அம்மாற்றம் உண்மையா பிழையா என்று உறுதியாகக் கூற இயலாது.

இதன் மறுபக்கம் இன்னும் கவலைக்குரியது. ஆரணி வட்டாரத்தில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களங்களைக் காணலாம். அத்தகைய வெளிறிய களத்தின் ஓரத்தில் கருத்த அட்டைக்கூரை வீடு ஒன்று இருந்து, இரண்டும் ஒரே படப்புள்ளிக்குள் விழுந்தால், களத்தின் வெண்மை வீட்டின் கருமையை மறைத்துவிடும். எந்தத் தெருக்களுக்கு வெப்பத் தணிப்பு உதவி தேவை என்பதை இவ்வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் அவ்வீடு பட்டியலுக்கே வராது. சராசரி என்பது கணக்கில் பொய்யன்று. ஆனால் அதற்குள் யார் வாழ்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

நுட்பமான படங்களை நாடலாமே எனின், அங்கும் ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியுள்ளது. சென்டினல் 2 கட்புல ஒளியிலும் அண்மை அகச்சிவப்பிலும் 10 மீட்டர் படப்புள்ளியைத் தருகிறது. குற்றலை அகச்சிவப்பில் 20 மீட்டர்தான். ரிசோர்ஸ்சாட்டிலுள்ள லிஸ் 4 கருவி 5.8 மீட்டர் பிரிதிறன் கொண்டது. ஏறத்தாழ 34 சதுர மீட்டரை ஒரு கட்டமாகக் காணும் அதனால் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்தறிய முடியும். ஆயினும் அதற்குப் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என மூன்று அலைப்பட்டைகளே உண்டு. லியாங்கின் வாய்பாட்டிற்கு வேண்டிய நீலமும் குற்றலை அகச்சிவப்பும் அதில் இல்லை. எனவே நுட்பமான படத்தைக் கொண்டு கூரைகளின் எல்லைகளை வரைந்துகொண்டு, பருமட்டான படத்திலிருந்து நிறமாலைச் செய்தியை எடுத்து, இரண்டையும் பொருத்திப் பார்ப்பதே பயனுள்ள வழி.

மயில்கழுத்துப் பட்டு சொல்லும் பாடம்

பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த பட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் நீலம் மேலோங்கும். மறு கோணத்தில் பச்சை. மயில்கழுத்து என்று நெசவாளர்கள் பெயரிட்ட நிறம் இவ்வாறு பார்வைக் கோணத்திற்கேற்ப மாறுவது. சரிகையோ ஒரு குறிப்பிட்ட சாய்வில் மின்னிவிட்டு, சற்றே திருப்பினால் மங்கிவிடும். பருத்தித் துணியில் இவ்வாறு நேர்வதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியும். முன்னதில் ஒழுங்கான எதிரொளிப்பு மிகுதி; பின்னதில் ஒழுங்கற்ற எதிரொளிப்பு மிகுதி.

நகரத்தின் பரப்பு பருத்தியைவிடப் பட்டுக்கே நெருக்கமானது. செயற்கைக்கோள் கடக்கும் காலை பத்து மணிக்குச் சூரியன் கிழக்கில் இருக்கும். இருபுறமும் சரிந்த ஓட்டுக்கூரையில் கிழக்குச் சரிவு ஒளிரும். மேற்குச் சரிவு மங்கும். ஓடும் அதேதான், வயதும் அதேதான். எண்கள் மட்டும் வேறு. மாடி வீட்டின் நிழல் அடுத்த வீட்டுக் கூரையில் விழுந்தால் அக்கூரை கருமையாகக் கணக்கிடப்படும். டிசம்பரில் எடுத்த படத்தையும் ஏப்ரலில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு ஊர் வெளுத்துவிட்டது என்று முடிவு கூறுவது பிழையாகலாம். சூரியனின் இடம்தான் மாறியிருக்கும். ஆண்டுகளை ஒப்பிடும்போது ஒரே மாதத்துப் படங்களை எடுத்துக்கொள்வது இதனால்தான். லேண்ட்சாட்டின் பழைய படங்கள் 2008 முதல் எவரும் விலையின்றிப் பெறுமாறு திறக்கப்பட்டிருப்பதால், இவ்வொப்பீட்டை ஓர் ஊர்ப்பள்ளியின் கணினி அறையிலிருந்தும் செய்ய முடியும்.

நெருக்கமான தெருக்களில் இன்னொன்றும் நிகழ்கிறது. சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி எதிர்ச்சுவரில் படும். அங்கிருந்து தரையில் படும். ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு விழுங்கப்படும். எனவே தனித்தனிப் பொருள்களின் ஆல்பிடோவைவிட அவற்றால் ஆன தெருவின் ஆல்பிடோ குறைந்தே இருக்கும்.

ஒளிர்வதெல்லாம் குளிர்வதன்று

ஆல்பிடோ வரைபடத்தைப் பார்த்து வெப்பத்தை முடிவு செய்யும்போது மூன்று இடங்களில் தடுமாற நேரும்.

கமண்டல நாகநதி பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கும். உலர்ந்த மணலின் ஒளிர்வும் கற்காரையின் ஒளிர்வும் பல அலைப்பட்டைகளில் ஒத்திருப்பதால், கணினி ஆற்றைக் கட்டடமாகவும் கட்டடத்தை ஆறாகவும் வகைப்படுத்திவிடக்கூடும். உள்ளூர்க்காரர் ஒருவர் படத்தைப் பார்த்தால் நொடியில் திருத்திவிடும் பிழை இது.

அடுத்தது மரம். அதன் ஆல்பிடோ பழைய கற்காரைத் தளத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அதனால் மரத்தடி சுடுகிறதா? இல்லை. தான் ஏற்ற ஆற்றலில் பெரும்பங்கை இலைகள் நீரை ஆவியாக்குவதில் செலவிடுகின்றன. ஊரின் ஆல்பிடோவை உயர்த்துவதற்காக மரத்தை வெட்டிக் களமாக்கினால் எண் உயரும், ஊர் கொதிக்கும்.

மூன்றாவது, பூச்சற்ற துத்தநாகத் தகடு. புதிதாக இருக்கும்போது அது நிறையவே எதிரொளிக்கிறது. ஆயினும் மே மாதப் பகலில் அதன்மீது கை வைக்க முடியாது. ஒரு பரப்பு குளிர்வதற்கு, ஏற்ற வெப்பத்தை நீண்ட அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களாக உமிழவும் வேண்டும். ஓடு, கற்காரை, சுண்ணாம்பு ஆகியன அவ்வாறு உமிழ்வதில் வல்லவை. அவற்றின் உமிழ்திறன் 0.9 அளவில் இருக்கும். பளபளப்பான உலோகத்தின் உமிழ்திறன் அதில் மூன்றில் ஒரு பங்குகூட எட்டாது. குறைவாக வாங்கினாலும் வாங்கியதை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் பரப்பு அது. அதே தகட்டின்மேல் வெண்பூச்சு இட்டால் இரண்டு குணமும் வாய்க்கும். இதனால் ஆல்பிடோவோடு வெப்ப அகச்சிவப்புப் படத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். லேண்ட்சாட்டின் வெப்பக் கருவியோ 100 மீட்டர் பிரிதிறன் கொண்டது. நம் தெரு அதற்குள் இன்னும் சிறிதாகிவிடும்.

அளவீட்டிலிருந்து அரசாணைக்கு

நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை இலண்டனில் வெப்பமானிகளைக் கொண்டு பதிவு செய்த லூக் ஹோவர்டு, 1818 முதல் தம் நூலில் அதனை வெளியிட்டார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அது உயிர்காக்கும் நிருவாகப் பொருளாகிவிட்டது. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று ஆய்வு கணக்கிட்டது. அந்நகரம் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர்க் குடிசைப்பகுதிக் கூரைகளுக்கு வெண்பூச்சு இடுவதும் அதில் சேர்ந்தது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இத்திட்டங்களில் எங்குத் தொடங்குவது, பூசியபின் பயன் விளைந்ததா என்னும் கேள்விகள் எழும்போது செயற்கைக்கோள் அளவீடு துணைக்கு வருகிறது.

எங்கே வெண்பூச்சு இடக்கூடாது என்பதும் அளந்தே அறியப்பட்டது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சில சாலைகளுக்கு வெளிர்பூச்சு இட்டபோது சாலையின் மேற்பரப்பு குளிர்ந்தது. ஆனால் நண்பகலில் அதில் நின்றவர்மீது எதிரொளித்த கதிர்கள் பட்டதால், அவர் உடல் ஏற்ற வெப்பம் கூடியது. கூரையிலிருந்து திரும்பும் வெயில் வானுக்குப் போகிறது. தெருவிலிருந்து திரும்புவது நடப்பவர் முகத்தில் படுகிறது. பாவு விரிக்கும் தெருக்களில் இதனை மறந்துவிடக் கூடாது.

இவற்றில் வெண்கூரை நமக்குப் புதியதன்று. செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்த மெட்ராஸ் தளங்களும், பொங்கலுக்கு முன் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தன. முன்னோர் ஆல்பிடோவை அறிந்து செய்தனர் என்று கூறுவது மிகையாகும். சுண்ணாம்பு கிடைத்தது, மலிவாக இருந்தது, பூச்சி அண்டாமல் காத்தது. வெண்மையின் பயன் உடன் வந்தது.

மொட்டைமாடியில் ஒரு நண்பகல்

வானிலிருந்து பெற்ற எண்ணைத் தரையில் சரிபார்ப்பது இத்துறையில் தவிர்க்க முடியாத வேலை. பைரனோமீட்டர் எனப்படும் சூரியக் கதிர்வீச்சுமானியை மாடியில் கூரைக்கு அரை மீட்டர் மேலே கிடையாகப் பிடித்து, முதலில் வானை நோக்கியும் பின்பு கவிழ்த்துத் தளத்தை நோக்கியும் அளவு எடுக்கின்றனர். இரண்டாவது அளவை முதலாவதால் வகுத்தால் ஆல்பிடோ. மேகமற்ற நாளாக, சூரியன் உயர்ந்திருக்கும் வேளையாக இருக்க வேண்டும். அளப்பவரின் நிழல் விழக்கூடாது. அவர் அணிந்துள்ள வெள்ளைச் சட்டைகூட அளவைக் கெடுக்கும் என்பதால் கருவியை நீண்ட கழியின் முனையில் பொருத்துவர். கைப்பேசியின் ஒளியுணரி இதற்கு உதவாது. கண்ணைப் போலவே அதுவும் கட்புல ஒளிக்கென அமைந்தது.

கருவி கிடைக்காத பள்ளியில் வேறொரு வழி உண்டு. ஒரே அளவுள்ள கடப்பைக்கல் துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசி, மாடியில் அருகருகே வைத்து, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை மணிக்கொருமுறை அவற்றின் அடிப்பக்க வெப்பநிலையைக் குறித்து வரலாம். ஆல்பிடோவை இது எண்ணாகத் தராது. ஆனால் எந்த மணியில் வேறுபாடு உச்சமடைகிறது, சூரியன் மறைந்தபின் அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பவற்றைக் காட்டிவிடும்.

கூரையையே அளப்பதாயின், சுண்ணாம்பு பூசுவதற்கு முன் ஒருமுறையும் பூசி உலர்ந்தபின் ஒருமுறையும் அளந்தால் போதாது. புழுதி படியும், பாசி பிடிக்கும், மழை சுண்ணாம்பைக் கரைக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் அதே கூரையில் அதே இடத்தில் மீண்டும் அளக்க வேண்டும். பூச்சில் எவ்வளவு மீந்திருக்கிறது, அடுத்த கத்திரிக்கு முன் மறுபடியும் பூச வேண்டுமா என்பதை அந்த மூன்றாவது எண்ணே சொல்லும்.